முகத்துவாரம் அடைபட்டால்...

பொன்னேரியிலிருந்து வடகிழக்கே சென்றால் பழவேற்காடு ஏரி கண்ணில் படும். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இதுவே. கடலும் ஏரியும் கூடும் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுச் சில சமயம் வழி அடைபட்டுப் போவதுண்டு. அப்பொழுது ஏரி நீரின் உப்பு மாறுகிறது. கடலில் பொரித்து ஏரியில் வளர வேண்டிய இறால் குஞ்சுகள் உள்ளே வர முடிவதில்லை. சில மாதங்களில் வலை வெறுமையாகிறது. அந்த நிலையில் வலையைத் தைத்துப் பயன் என்ன? பழுது வலையில் இல்லை, வழியில் இருக்கிறது.

ஒரு பொருளைத் தனியே பாராமல், அதைப் பிணைத்திருக்கும் தொடர்புகளைப் பார்க்க வேண்டுமென்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள். 1972-ல் வெளிவந்த ‘வளர்ச்சியின் எல்லைகள்’ என்ற நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான டொனெல்லா மெடோஸ் அம்மையார் இம்முறையை உலகுக்கு விளக்கியவர்களுள் முக்கியமானவர். பழவேற்காட்டு மீனவருக்கோ இது பாட்டன் காலத்துப் பாடம்.

2020-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி தேசமெங்கும் ஊரடங்கு வந்தபோது அடைபட்டது மற்றொரு முகத்துவாரம். ஏப்ரல் 10-ந் தேதி மத்திய அரசாங்கம் மீன்பிடி தொழிலுக்கு விலக்கு அளித்தது உண்மைதான். ஆனால் படகுக்கு அனுமதி கிடைத்தால் போதுமா? ஐஸ் வேண்டும்; ஏலம் எடுக்க வியாபாரி வேண்டும்; கூடைக்காரப் பெண்கள் ஏறிச் செல்ல வண்டி வேண்டும்; வாங்குவோர் கையில் காசு வேண்டும். கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில்களோ நின்றுவிட்டன. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றக் கண்ணிகள் எத்தனை வலுவாயிருந்தும் பயனில்லை. விலை சரிந்தால் கடன் ஏறும். கடன் ஏறினால் கிடைத்த விலைக்கு விற்க நேரும். அதனால் விலை மேலும் சரியும். இதுவே விஷ வட்டம்.

சென்னை நகரமும் அவ்வாண்டு ஒரு பாடம் கற்றது. காய்கறி முழுவதும் கோயம்பேடு என்ற ஒரே சந்தையில் வந்து குவிவது சாதாரண நாளில் சௌகரியம். தொற்றுக் காலத்தில் அச்சந்தையே நோய் பரவும் இடமாயிற்று. மே 5-ந் தேதி அதை மூட நேர்ந்தது. தெருவுக்குத் தெரு பரவிக் கிடந்த ரேஷன் கடைகளோ அரிசியையும் பருப்பையும் வீடுகளுக்குச் சேர்த்தன. ஆபத்துக்கு உதவுவது குவிப்பு அல்ல, பரவல் என்பது விளங்கவில்லையா?

ஏரிக்கரைக் கிராமங்களில் ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. மீன் படும் இடங்களை வலியவர் கைப்பற்றிக் கொள்ளாதபடி, சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்று நல்ல துறை ஒருவருக்கு. அடுத்த முறை மற்றொருவருக்கு. லாபமும் நஷ்டமும் பலர் தோளில் பகிரப்படுகின்றன. எந்தச் சர்வகலாசாலையும் சொல்லித் தராமலே ஜனங்கள் கண்ட யுக்தி இது.

ஆனால் புகழ்ந்துவிட்டு நின்றுவிடுவது நியாயமாகாது. பாட்டில் பெயர் பெற்றவர்களுக்கே முறை உண்டு. இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அந்தச் சீட்டில் இடமில்லை. கூடை சுமக்கும் பெண்களுக்கும் இல்லை. கொள்ளை நோய் வந்தால் முதலில் பட்டினி நுழைவதும் அவர்கள் குடிசையில்தான். கணக்கில் சேராத வீடு சமூகத்தின் கண்ணுக்கும் தெரிவதில்லை.

ஆகையால் நோயில்லாத இந்நாளிலேயே ஒவ்வோர் ஊரும் தன்னை ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: நம் ஊர்ச் சீட்டில் விடுபட்ட பெயர் யாருடையது? முகத்துவாரத்து மணலை வெள்ளம் வருமுன் தோண்ட வேண்டும். வந்தபின் தோண்டுவதற்குக் கரை இராது.