பரீட்சைத் தேதி கேட்ட இயக்குநர்

"ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு மூன்று பக்கத்தில் ஒயிட் பேப்பர் எழுதச் சொல்கிறார்கள். ஆங்கிலம் நன்றாக இருந்தால் போதுமா?" என்று முனைவர் பட்ட மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். போதாது. முழு விண்ணப்பத்துக்கு முன்னால் போகும் இந்தத் தாளிலேயே பலரின் கதை முடிந்துவிடும். அதில் என்ன எழுத வேண்டும் என்பதற்கு ஒரு பழைய இயக்குநரின் கேள்விகள் உதவும்.

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டுக்குப் பணம் கொடுத்தது டார்ப்பா, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பு. 1975 முதல் 1977 வரை அதன் இயக்குநராக இருந்தவர் ஜார்ஜ் ஹைல்மையர். 1960களில் ஆர்.சி.ஏ. ஆய்வகத்தில் திரவப் படிகத் திரையை உருவாக்கியவர். அந்த நிறுவனம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஜப்பானியர்கள் கால்குலேட்டரில் வைத்து விற்றார்கள். ஆக, கேட்பவரின் பாடும் அவருக்குத் தெரியும்.

பணம் கேட்டு வருகிறவர்களுக்கு அவர் வைத்த கேள்விகள் டார்ப்பாவில் இன்றும் புழங்குகின்றன. என்ன செய்யப்போகிறாய், துறைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் சொல். இன்று அதை எப்படிச் செய்கிறார்கள், எங்கே முட்டுகிறது? உன் வழியில் என்ன புதுசு? யாருக்கு அக்கறை? என்ன ஆபத்து? எவ்வளவு செலவு, எத்தனை நாள்?

எனக்குப் பிடித்தது கடைசிக் கேள்வி: இடைத்தேர்வு எது, இறுதித்தேர்வு எது? மாணவனே கேள்வித்தாளையும் தயாரித்துக் கொடுக்க வேண்டும்! கணினி வகுப்புக்குப் பணம் கேட்டபோது என் அப்பாவும் கட்டணத்தை விட்டுவிட்டு, "நீ தேறிட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றுதான் கேட்டார்.

மலிவான குடிநீர்ச் சோதனைக் கருவி செய்கிறீர்கள் என்று வையுங்கள். 'கிராமப்புற மக்களுக்குப் பெரிதும் பயன்படும்' என்பது பரீட்சை அல்ல. 'ஆறாம் மாதத்தில் நூறு மாதிரிகளைச் சோதிப்போம். தொண்ணூறிலாவது ஆய்வக முடிவோடு ஒத்துப்போகாவிட்டால் இந்த வழியைக் கைவிடுவோம்' என்பது பரீட்சை. எங்கே தோற்கலாம் என்று முன்கூட்டியே சொல்பவரை நம்பிப் பணம் கொடுக்கலாம்.

நம் பக்கத்தில் நான் பார்த்த விண்ணப்பங்கள் பலவும் போன வருஷம் பணம் கிடைத்தவருடையதை வாங்கித் தலைப்பை மாற்றியவை. முதல் பக்கம் முழுக்க நாட்டு முன்னேற்றம். கருவி என்ன செய்யும் என்பது நாலாம் பக்கத்தில். கொடுக்கிற இடங்களும் ரசீதைத் துருவும் அளவுக்கு யாருக்குப் பயன் என்று துருவுவதில்லை.

தம்பி, முதலில் அந்தப் பரீட்சையை எழுதுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். எழுதியதை வேறு துறை நண்பரிடம் கொடுத்து, படித்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் திணறுகிற வரிகளை அடித்துவிட்டு அனுப்புங்கள்.