உயிர்வேலியில் தொடங்கும் இளவேனில்

தமிழர் வகுத்த பெரும்பொழுதுகளில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் ஆகும். ஆங்கிலேயரின் 'ஸ்பிரிங்' பருவமோ மாசியிலேயே, அதாவது நம் கணக்கில் பின்பனிக் காலத்திலேயே, தலைகாட்டிவிடுகிறது. ஆங்கிலப் பாடலைத் தமிழில் விளக்கும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளுதல் நன்று. குயிலும் மாந்தளிரும் கூடிய நம் வேனில் வேறு. தரையில் உறைபனி கிடக்கும்போதே பூக்கத் தொடங்கும் அவ்வேனில் வேறு.

தென் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் நாலைந்து ஏக்கர் பரப்புள்ள ஒரு சிறு பண்ணையை எண்ணிப் பார்க்கலாம். சில ஆடுகள், சில ஆப்பிள் மரங்கள், ஒரு குட்டை, சுற்றிலும் உயிர்வேலி. சனவரி இறுதியில் அவ்வேலியில் ஹேசல் செடியின் மஞ்சள் நிறப் பூந்தொங்கல்கள் ஆடத் தொடங்கும். இவை ஆண்பூக்கள். பெண்பூவைக் காணக் கிளையருகே முகத்தைக் கொண்டுசெல்ல வேண்டும். மொட்டின் நுனியில் செந்நூல் போன்ற சில இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவே! இச்செடியின் மகரந்தத்தைச் சுமப்பது காற்று. இலை விரிந்துவிட்டால் அதுவே தடையாகும். ஆகவேதான் இலைக்கு முன் பூ.

வேலியடியில் வெண்ணிறத் தலை கவிழ்ந்து நிற்பது ஸ்னோடிராப். அதனையடுத்துப் பளபளக்கும் மஞ்சள் இதழ்களோடு செலண்டைன் வருகிறது. டாபடில் மலரைப் பாடியவர் என்று பள்ளிகளில் அறியப்படும் வோர்ட்ஸ்வொர்த், இச்சிறுபூவின் மீதும் பாடல்கள் இயற்றியுள்ளார். கதிரவன் மறைந்தால் இதழ்கள் கூம்பிவிடும். வேரிலுள்ள சிறு கிழங்குகளில் சேமித்த உணவைக்கொண்டு விரைந்து முளைத்து, மரங்கள் இலைவிட்டு நிழல் செய்யுமுன் பூத்து, மே மாதத்தில் இச்செடி மண்ணுக்குள் மறைந்துவிடும்.

குட்டையில் தவளை முட்டைகள் கூழ்த்திரளாய் மிதக்கும். நீண்ட சரமாய்க் கிடந்தால் அவை தேரையின் முட்டைகள் என்று அறியலாம்.

இக்காட்சிகளை நாள்வாரியாகக் குறித்து வைத்த பெருமை நார்போக் பகுதியின் நிலக்கிழார் ராபர்ட் மார்ஷமுக்கு உரியது. அவர் 1736இல் தொடங்கிய குறிப்பை அவருடைய வழித்தோன்றல்கள் 1958 வரை தொடர்ந்தனர். இத்தகைய குறிப்புகளின் பயன் இன்று தெரிகிறது. பிரிட்டனில் திரட்டிய நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட பூப்புக் குறிப்புகளை ஆராய்ந்தோர், 1987க்குப் பின் செடிகள் முன்னைக்காட்டிலும் சராசரி 26 நாள் முந்திப் பூக்கின்றன என்று 2022இல் அறிவித்தனர்.

முந்துவதால் என்ன கேடு? ஆப்பிள் முந்திப் பூத்தபின் ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தால் அவ்வாண்டு விளைச்சல் போயிற்று. பம்பிள் தேனீக்களின் நிலையும் எளிதன்று. பெரும்பாலான இனங்களில் குளிர்காலத்தைத் தாண்டுவது இளம் அரசி மட்டுமே. மண்ணுக்குள்ளிருந்து பசியோடு தனியே வெளிவரும் அவளுக்கு வில்லோ, செலண்டைன், பிளாக்தார்ன் பூக்களே முதல் உணவு. அவள் வரும்போது பூ இல்லையேல் அவ்வாண்டு கூடும் இல்லை.

பிளாக்தார்ன் பழைய கிளையில்தான் பூக்கும். ஆதலால் ஆண்டுதோறும் அழகாகக் கத்தரித்த வேலியில் பூ அரிது. விவரமறிந்த பண்ணைக்காரர் வேலி முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்டாமல், ஆண்டுக்கு ஒரு பக்கமாக வெட்டி, மற்றப் பக்கங்களைப் பூக்க விட்டுவிடுகிறார்.