கை எங்கே நிற்கிறது?

கோவை கணபதியில் வாழ்ந்த யோகா பாட்டி நானம்மாளுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2019-ல் தன் 99-ஆவது வயதில் காலமானார். அவர் உடம்பை வளைக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, "அந்தப் பாட்டிக்கே வளையுது, எனக்கென்ன கேடு?" என்று கேட்காத ஆள் எங்கள் பக்கத்தில் குறைவு. பீளமேட்டுப் பேக்கரியில் டீ வருவதற்குள் பெரியப்பாவும் அதையே கேட்டார். பல்லடம் பக்கம் தறி போட்டிருக்கிறார், சர்க்கரை உண்டு. சட்டை மாட்டும்போது இடது கை பாதியில் நின்றுவிடுகிறது. கூட வந்த பேத்திக்கு நேர் எதிர்: யோகாப் போட்டியில் கோப்பை வாங்குகிறாள், கணுக்கால் அடிக்கடி சுளுக்கிக்கொள்கிறது.

"ஏந்தம்பி, இவ வளையறதுல பாதி எனக்கு வந்தாப் போதாதா?"

வைத்தியம் செய்கிற நாங்கள் இரண்டு பேரையும் பார்க்கத் தொடங்கும் விதம் ஒன்றுதான். மூட்டு எவ்வளவு தூரம் போகிறது என்பதோடு, எதனால் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் பலர் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

முதலில் பெரியப்பாவைத் தானாகக் கையைத் தூக்கச் சொன்னேன். காது மட்டத்துக்குக்கூட வரவில்லை. பிறகு அவர் கையைத் தளர விட, நான் தூக்கினேன். அதே இடத்தில் நின்றது. அவரால் முடியாமல் என்னால் முடிந்திருந்தால் தசையிலோ நரம்பிலோ கோளாறு என்று யோசிக்கலாம். தோளின் தசைநார் கிழிந்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரே இடத்தில் நின்றால் மூட்டையே சந்தேகப்பட வேண்டும். அடுத்து, "முழங்கைய இடுப்போட ஒட்டி வெச்சுக்குங்க, முன்கைய மட்டும் வெளிப்பக்கமாத் திருப்புங்க" என்றேன். வலது கை தாராளமாகப் போனது. இடது கை அசையவே இல்லை. தோள் இறுகும்போது முதலில் போவது இந்தத் திருப்பல்தான். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை, வெந்நீரில் போட்ட திருப்பூர் பனியன் மாதிரி சுருங்கிவிடுகிறது. எலும்பில் தேய்மானம் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். இப்படி இறுகிய தோளில் படம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்.

"கும்பிடுங்க பெரியப்பா" என்றேன். டீக்கடையில் எதற்கு என்று விழித்தார். உள்ளங்கைகளை ஒட்டினால் சுண்டு விரல் பக்கம் இடைவெளி விழுந்தது. விரல்கள் முழுசாகச் சேரவில்லை. நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு மூட்டு உறையிலும் தோலிலும் இருக்கும் கொலாஜனில் சர்க்கரை ஒட்டி, இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து விறைத்துப்போகும். தோளுக்கும் விரலுக்கும் காரணம் ஒன்றேதான். அதனால் அவருக்கு எழுதிக்கொடுத்த முதல் பரிசோதனை ரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரை அளவு.

வைத்தியம் பொறுமை கேட்கும். வலி கடுமையாக இருக்கும் கட்டத்தில் இழுக்கவே கூடாது. குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவதோடு சரி. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி குறையும். சில நாள் சர்க்கரை ஏறும், கவனிக்க வேண்டும். வலி தணிந்த பிறகுதான் நீட்டுப் பயிற்சி. ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம், ஆனால் பெரும்பாலும் விட்டுவிடும். அவசரப்பட்டு எண்ணெய் போட்டு முறுக்கி நீவச் சொல்வது நம் ஊர் வழக்கம். முழங்கை அடிபட்ட பிறகு இப்படி நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை மடங்காமலே போய்விடக்கூடும். எனக்கு இதில்தான் கோபம்.

விறைப்பில் இன்னொரு வகையும் உண்டு. காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரம் விரல்கள் மடங்காமல் இருந்து, வேலை செய்யச் செய்ய விடுகிறதா? அது முடக்குவாதமாக இருக்கலாம். வேறு கணக்கு, முதலில் மருந்துதான். கோவை ஆர்ய வைத்தியக் குழுவினர் அமெரிக்க மருத்துவர்களோடு சேர்ந்து, ஆயுர்வேத மருந்து, முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட், இரண்டும் சேர்ந்தது என மூன்று வழிகளை 43 பேரிடம் ஒப்பிட்ட ஆய்வு 2011-ல் வந்தது. மூன்றிலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சின்ன ஆய்வு. அதைச் சொல்லி யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

"இப்ப அம்மிணி வா." சுண்டு விரல் பின்னால் 90 டிகிரி மடங்குகிறதா, கட்டை விரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் 10 டிகிரிக்கு மேல் பின்னால் போகின்றனவா: இடம், வலம் என எட்டு. முழங்கால் மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தால் ஒன்பதாவது. பெய்ட்டன் மதிப்பெண் என்பார்கள். அவளுக்கு 7. இந்தியர்களுக்கு ஐரோப்பியர்களைவிட மூட்டுத் தளர்வு அதிகம் என்று பழைய ஆய்வுகளிலேயே இருக்கிறது. மதிப்பெண்ணை வைத்து மட்டும் நோய் என்று சொல்ல முடியாது. தோலை இழுத்தால் அதிகமாக நீள்கிறதா, தழும்புகள் அகலமாக இருக்கின்றனவா, கண், இதயக் கோளாறு குடும்பத்தில் உண்டா என்று கேட்டேன். இருந்தால் இதயத்துக்கு எக்கோ எடுத்து, மரபியல் மருத்துவரிடமும் அனுப்புவோம். இவளுக்கு எதுவும் இல்லை.

கண்ணை மூடி நேராக நிற்கச் சொன்னேன். முழங்கால்கள் பின்பக்கம் வளைந்தன. "நேரா நிக்கறியா?" "ஆமாங்க சித்தப்பா." கோளாறு அங்கேதான். மூட்டு எங்கே இருக்கிறது என்று உடம்புக்குச் சரியாகத் தெரியாததால் ஒவ்வொரு அடியிலும் எல்லை தாண்டுகிறது; ஜவ்வு தாங்காத பாரத்தைத் தசை தாங்கி அலுத்துவிடுகிறது. இவளுக்கு மேலும் நீட்டிவிடுவது கெடுதல். ஒற்றைக் காலில் நிற்பது, நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து மெல்ல உட்காருவது, ரப்பர் பட்டையை இழுப்பது, ஆசனத்தில் கடைசி இரண்டு அங்குலத்துக்கு முன்பே நின்று தசையால் பிடித்துக்கொள்வது: இதுதான் வைத்தியம், மாதக்கணக்கில்.

"அப்போ மார்க் போயிருமே!" என்றாள். போகலாம். நடுவர்கள் எவ்வளவு வளைகிறது என்றே பார்க்கிறார்கள்; எப்படித் தாங்குகிறது என்று பார்த்து மார்க் போடுகிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. போட்டிக்குப் போகட்டும், பின்வளைவு ஆசனங்களை மட்டும் மாற்றிக்கொடுங்கள் என்று அவள் மாஸ்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.