அமானிதம் பேசும்போது காது கொடுங்கள்!

தாய்மார்களே! சகோதரிகளே!

பிள்ளை நம் சொத்தல்ல, அல்லாஹ் தந்த அமானிதம். நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி நாளை மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். உண்ணக் கொடுத்தோம், உடுத்தக் கொடுத்தோம் என்பதுடன் அந்த விசாரணை முடிந்துவிடுமா?

2023 டிசம்பரில் சாய்ந்தமருதில் ஒரு மத்ரஸாவில் 13 வயது மாணவர் ஒருவர் இறந்து கிடந்த செய்தி நம் வாவிக்கரை ஊர்களை உலுக்கியது. பொறுப்பாளரான மௌலவி கைது செய்யப்பட்டார். குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நமது வேலை, நம் வீட்டுப் பிள்ளை பேசும்போது கேட்பது. மத்ரஸாவில் பாடம் சொல்லும் ஒருவன் என்ற முறையில் சொல்கிறேன்: மௌலவி என்ற பட்டம் எவரையும் சட்டத்துக்கு மேலே தூக்கி வைப்பதில்லை.

எது துஷ்பிரயோகம்?

காயம் வர அடிப்பது, சூடு வைப்பது, பட்டினி போடுவது, கவனிப்பாரின்றி விட்டுவிடுவது, ஓயாமல் இழிவுபடுத்துவது, தகாத முறையில் தொடுவது, ஆபாசப் படம் காட்டுவது அத்தனையும் துஷ்பிரயோகமே. ஆண்பிள்ளைக்கு இப்படி நடக்காது என்று எண்ணாதீர்கள். செய்பவர் பெரும்பாலும் அந்நியரல்லர். பிள்ளை நம்பும் உறவினராகவோ அயலவராகவோ ஆசிரியராகவோ இருப்பார். உம்மா வெளிநாட்டில் உழைக்க, மூத்தம்மாவிடமோ சாச்சியிடமோ வளரும் பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்கள் மீது இரட்டிப்புக் கண் வேண்டும்.

ஓத விருப்பமாகப் போன பிள்ளை திடீரென மறுக்கிறதா? ஒருவரைக் கண்டால் ஒளிகிறதா? விட்டுப்போன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்புகிறதா? கையில் கணக்கில்லாத காசோ புதிய போனோ இருக்கிறதா? அதட்டாமல் அருகில் அமர்த்திக் கேளுங்கள்.

சட்டம் சொல்வதென்ன?

இலங்கை 1991இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. அதன்படி, தன் பொறுப்பிலுள்ள 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கொடுமைப்படுத்துபவருக்கு 2 முதல் 10 ஆண்டு வரை சிறை. பிள்ளைமீது பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் புரிந்தால் 7 முதல் 20 ஆண்டு வரை சிறை. பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ பகிரங்கப்படுத்துவதும் குற்றம். ஆகவே, "விஷயம் பேப்பரில் வந்துவிடும்" என்று அஞ்சி ஒதுங்காதீர்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவானது.

அடித்தால்தான் படிப்பு ஏறும் என்போரும் உண்டு. 2021இல் நம் உயர் நீதிமன்றம், ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவரின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து நட்டஈடு வழங்கப் பணித்தது. பத்தாண்டு பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபியவர்கள் "சீ" என்றுகூடச் சொன்னதில்லையே! இதைவிடச் சிறந்த ஆசிரியர் யார்?

"குடும்ப மானம் போய்விடுமே!"

பிறர் குறையை மறைப்பது நன்மைதானே என்று சிலர் கேட்கிறார்கள். தன்னோடு முடியும் பாவம் வேறு. பிறர்மீது செய்யும் அநியாயம் வேறு. அநியாயக்காரனுக்கு உதவுவது அவன் கையைப் பிடித்துத் தடுப்பதுதான் என்று நபியவர்கள் கற்றுத் தந்தார்கள். மூடி மறைத்தால் அதே கை அடுத்த பிள்ளையையும் தேடும். நீதிக்காக நிற்கும்போது பெற்றோரானாலும் உறவினரானாலும் தயங்கக்கூடாது என்று அந்நிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது.

"நான்கு சாட்சி எங்கே?" என்று தாயின் வாயை அடைப்பதும் தவறு. அது விபச்சாரக் குற்றச்சாட்டுக்குரிய விதி. அநியாயத்துக்குள்ளான பிள்ளை முறையிடுவதற்கு அதை நிபந்தனையாக்க முடியாது. முறையிடுவது நம் பங்கு. விசாரித்து உண்மை காண்பது அதிகாரிகளின் பங்கு. இது பள்ளிவாசலில் இருதரப்பையும் அழைத்து ஸலாம் சொல்லிப் பிரிகிற விவகாரமும் அல்ல.

எப்படி முறையிடுவது?

• முதலில் பிள்ளையிடம், "உன்மேல் பிழையில்லை" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பத் துருவாதீர்கள். சொன்னதைச் சொன்னபடியே, திகதியுடன் எழுதி வையுங்கள்.

• 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் இலவசச் சேவை இது. தமிழிலும் பேசலாம்.

• பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவில் முறையிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

• பொலிஸுக்குப் போகத் தயக்கமா? பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை நாடுங்கள்.

• உடலில் பாதிப்பு இருந்தால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிக்கும் வரை உடைகளைக் கழுவாதீர்கள். போனில் வந்த தகவல்களை அழிக்காதீர்கள்.

சகோதரிகளே! மறுமையில் அந்தப் பிஞ்சு எழுந்து, "உம்மா, உங்களிடம் சொன்னேனே!" என்றால் என்ன பதில் வைத்திருக்கிறோம்? இன்றிரவு பிள்ளையைத் தூங்க வைக்குமுன் ஐந்து நிமிடம் அதன் பேச்சைக் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! அநியாயத்தைத் தடுக்கும் துணிவை நமக்குத் தருவானாக! ஆமீன்.