பாஸ்டனில் ஒரு மழலை மாநாடு

சின்னப் பிள்ளைகளின் பேச்சை வைத்துக்கொண்டு பேராசிரியர்கள் நாள்கணக்கில் வாதாடுவார்களா? வாதாடுகிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில், 1976 முதல் ஆண்டுதோறும் மொழி வளர்ச்சி மாநாடு கூடுகிறது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் பாடம் நடத்தியவர் ஜீன் பெர்க்கோ கிளீசன். இந்தத் துறையில் இவர் பெயரைச் சொன்னால் ஒரு படம்தான் நினைவுக்கு வரும். பறவை மாதிரி ஓர் உருவம், பெயர் 'வக்'. ஆங்கிலத்தில் அப்போது அப்படி ஒரு சொல்லே கிடையாது, அவரே கட்டிவிட்டது! 4 முதல் 7 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் படத்தைக் காட்டி, "இது ஒரு வக். இப்போது இன்னொன்றும் வந்துவிட்டது. இரண்டு...?" என்று நிறுத்துவார். பெரும்பாலான பிள்ளைகள் தயங்காமல் 'வக்ஸ்' என்றார்கள். காதில் விழாத சொல்லுக்கே பன்மை சொல்கிறார்கள் என்றால், அது கிளிப்பிள்ளைப் பாடமாக இருக்க முடியாது. இலக்கண விதி உள்ளே பதிந்திருக்கிறது.

ஆனால் 'கிளாஸ்' என்பதைக் 'கிளாசஸ்' என்று சரியாகச் சொன்ன பிள்ளைகளில் பலர், 'டாஸ்' என்ற புதுச்சொல்லைக் கொடுத்ததும் திணறிப்போனார்கள். எல்லா விதியும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. 1958-இல் வெளியான ஆய்வு இது.

பாஸ்டன் மாநாட்டை நடத்துபவர்கள் யார் தெரியுமா? அங்கே படிக்கும் ஆய்வு மாணவர்கள். வரும் கட்டுரைச் சுருக்கங்கள், எழுதியவர் பெயரை மறைத்துத்தான் மதிப்பிடப்படுகின்றன.