ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்கப் போகத்தான் வேண்டுமா?

படுவான்கரையில் வயல் செய்து வாழ்ந்த குடும்பம் அது. 2007ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து எழுவான்கரைக்கு வந்தவர்கள், முகாம் வாழ்க்கை முடிந்த பின்னரும் ஊர் திரும்பவில்லை. தந்தை இப்போது பிறர் வயலில் கூலிக்குப் போய் வருகிறார். மூத்த மகனுக்கோ மண்வெட்டியை விடக் கடல் பிடித்துவிட்டது. உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் இயந்திரப் படகு ஒன்றில் உதவியாளாக இருக்கிறான். படகுக்காரரின் தயவால் சுழியோடும் பயிற்சியின் முதற்படியை முடித்து அதற்குரிய அட்டையும் பெற்றுவிட்டான்.

அண்மையில் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது தாயார் ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, வெளிநாட்டுக்காரர் ரெண்டு பேர் கடலுக்குள்ள கிடக்கிற ஹேர்மிஸ் கப்பலப் பார்க்கப் போறாங்களாம். இவனையும் சும்மா கூட்டிற்றுப் போறம் எண்டு சொல்றாங்களாம். காசு குடுத்தும் கிடைக்காத இடமாம். போறது நல்லதா, கூடாதா?"

உடனே பதில் சொல்ல எம்மால் முடியவில்லை. விசாரித்தும் வாசித்தும் அறிந்துகொண்டதை, கடற்கரையோரங்களில் பிள்ளைகளை வளர்க்கும் மற்றப் பெற்றோருக்கும் பயன்படும் என்று கருதி இங்கே தருகிறோம்.

கப்பலின் கதை

ஹேர்மிஸ், பிரித்தானியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல். வேறு கப்பலை மாற்றியமைக்காமல், தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாகத் திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட முதற் கப்பல் இதுவே. 1919இல் நீரில் இறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 183 மீற்றர்.

இரண்டாம் உலகப்போரில் 1942 ஏப்ரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின்னர், ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலை தாக்கப்பட்டது. தாக்குதல் வரப்போகிறது என்று அறிந்து முதல்நாள் இரவே ஹேர்மிஸ் துறைமுகத்தை விட்டுத் தெற்கே புறப்பட்டிருந்தது. அதன் விமானங்கள் கரையிலேயே நின்றன. விமானந்தாங்கிக் கப்பலில் அன்று விமானமே இல்லை. மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானிய வேவு விமானமொன்றின் கண்ணில் அது பட்டது. கரையிலிருந்து உதவி வந்து சேருமுன் குண்டுகள் பொழிந்தன. அரை மணி நேரத்துக்குள் கப்பல் கடலுக்குள் போய்விட்டது. கப்பற்தலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தனர். துணைக்கு வந்த அவுஸ்திரேலியக் கப்பலான வம்பயரும் மூழ்கியது. அவ்வழியே வந்த வைத்தியசாலைக் கப்பலான வீற்றா, ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து காப்பாற்றியது.

ஆழம் என்பது விளையாட்டல்ல

ஹேர்மிஸ் கரையிலிருந்து ஒன்பது கிலோமீற்றர் அளவு தூரத்தில், ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் சரிந்து கிடக்கிறது. மீனவர் கணக்கில் 29 பாகம். நன்கு வளர்ந்த இரண்டு பனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் வரும் உயரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் மேற்புறத்தைத் தொடுவதற்கே 40 மீற்றருக்குக் கீழே இறங்கவேண்டும்.

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க மூச்சடக்கி இறங்கியவர்களுக்குக் காது வலித்த அனுபவம் இருக்கும். அது நீரின் அமுக்கம். ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் அமுக்கம் ஒரு மடங்கு கூடுகிறது. 50 மீற்றரில் அது நிலமட்டத்தைப்போல ஆறு மடங்கு. ஆகவே சுழியோடி முதுகில் சுமக்கும் காற்றும் ஆறு மடங்கு வேகமாகத் தீர்ந்துபோகும். மேலே ஒரு மணி நேரத்துக்குப் போதுமான காற்று, அங்கே பத்து நிமிடத்துக்குத்தான் காணும்.

அதைவிடப் பெரிய ஆபத்துகள் இரண்டு உண்டு. முதலாவது மயக்கம். நாம் சுவாசிக்கும் காற்றின் பெரும்பகுதி நைதரசன் வாயு. 30 மீற்றருக்குக் கீழே அது மதுவைப்போல வேலை செய்யும். கெட்டிக்காரனும் அங்கே காற்றளவைப் பார்க்க மறந்துவிடுவான். இரண்டாவது, மேலே வரும்போது ஏற்படுவது. சோடாப் போத்தலைத் திறந்தவுடன் குமிழிகள் பொங்குவதைக் கண்டிருக்கிறோம். ஆழத்தில் உடலுக்குள் கரைந்த நைதரசன், வேகமாக மேலே வந்தால், அவ்வாறே இரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழியாகப் பொங்கும். கைகால் வழங்காமற் போகலாம், உயிரும் போகலாம். இதைத் தவிர்க்க இடையிடையே தரித்துநின்று மெதுவாக வரவேண்டும். ஹேர்மிஸில் கால் மணி நேரம் நிற்பவர், மேலே வருவதற்கு அவ்வளவோ அதற்கு மேலோ நேரம் செலவிட வேண்டியிருக்கும்.

இதனாலேயே சுழியோடும் பயிற்சியில் படிகள் வகுத்திருக்கிறார்கள். முதற்படி முடித்தவர் 18 மீற்றர் வரை போகலாம். அடுத்த படிக்கு 30 மீற்றர். பொழுதுபோக்காகச் சுழியோடுவோருக்கு எல்லை 40 மீற்றர். அதற்கும் கீழே போக வேறு பயிற்சியும், ஒன்றுக்கு மேற்பட்ட காற்றுச் சிலிண்டர்களும் வேண்டும்.

அந்தத் தாயின் மகனிடம் இருப்பது 18 மீற்றர் அட்டை. கப்பலோ 53 மீற்றரில்.

அங்கே என்னதான் இருக்கிறது?

பார்த்தவர்கள் பெருமையாகத்தான் பேசுகிறார்கள். துருவேறிய பெரிய பீரங்கிகள், ஆள் உயரத்தை மிஞ்சும் சுழல்விசிறி, இரும்பின்மேல் வளர்ந்த பவளப் பூக்கள், கூட்டங்கூட்டமாகப் பாரை மீன்கள், பெரிய களவாய்கள். உலகின் பல நாடுகளிலிருந்தும் சுழியோடிகள் இதற்காகவே மட்டக்களப்புக்கு வருகிறார்கள். ஆயினும் எல்லா நாளும் தண்ணீர் தெளிவாக இராது. நீரோட்டம் பலமாக இருந்தால் இறங்கவே முடியாது. சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் அடங்கியிருக்கும் காலமே ஏற்றது. மாரியில் நினைத்தும் பார்க்கக் கூடாது. காசு செலவழித்து வந்து, கரையிலேயே காத்திருந்து திரும்பியவர்களும் உண்டு.

அது ஒரு புதைகுழியும் கூட

307 பேரில் பலருக்கு அந்தக் கடலைத் தவிர வேறு கல்லறை இல்லை. அத்தகையோரின் பெயர்கள் இங்கிலாந்தின் கடற்படை நினைவுத்தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. உடல்கள் இங்கே, பெயர்கள் அங்கே.

இது எமக்குப் புரியாத விடயமல்ல. நாம் விட்டுவந்த வீட்டின் இடிந்த சுவரை யாரோ வந்து படம்பிடித்துப் போவதை எம்மில் பலர் கண்டிருக்கிறோம். அமைதியாக நின்று பார்த்துவிட்டுப் போனவர்களும் உண்டு, கதவு நிலையைக் கழற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு. கடலுக்கடியிலும் இவ்விருவகையினர் இருக்கிறார்கள். யாவாக் கடலில் 1942இல் மூழ்கிய போர்க்கப்பல்கள் சில பழைய இரும்புக்காகவே வெட்டி எடுக்கப்பட்டுவிட்டன என்பது 2016இல் தெரியவந்தது. அவற்றோடு அங்கிருந்த மனித எச்சங்களும் குலைந்தன. எமது இளைஞர்களிடம் யாராவது "ஒரு சாமான் எடுத்துத் தா, காசு தருகிறேன்" என்று கேட்டால், கேட்கப்படுவது எது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் போகலாமா?

தகுந்த பயிற்சியும் உடல்நலமும் உள்ளவர், எதையும் தொடாமல் பார்த்து வருவாரானால், போகத்தக்க இடமே. மற்றவர்களுக்கு அது போகத்தக்க இடமல்ல. புகழ் பெற்ற இடம் என்பதனால் ஆழம் குறைந்துவிடுவதில்லை. ஒருவர் அழைத்தால், சம்மதிக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. என் அட்டை எத்தனை மீற்றருக்கு? போகும் இடம் எத்தனை மீற்றர்?
2. என்னோடு இறங்குபவர் அந்த ஆழத்துக்குப் பயிற்சி பெற்றவரா?
3. மேலே வரும்போது தரித்துநிற்பதற்கு மேலதிகக் காற்று உண்டா?
4. படகில் ஒட்சிசன் இருக்கிறதா? விபத்து நடந்தால் எங்கே கொண்டுபோவார்கள்?
5. வேண்டாம் என்று சொன்னால் என் வேலைக்குப் பாதிப்பு வருமா?

ஐந்தாவது கேள்வியே பெரும்பாலும் எமது பிள்ளைகளை ஆழத்துக்குத் தள்ளுகிறது. இலவசம் என்று சொல்லும்போது மறுத்துப் பேச நா எழுவதில்லை.

ஆழம் குறைந்த இடங்களும் உண்டு. அதே நாளில் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல், கல்குடாப் பக்கத்துக் கடலில் 25 மீற்றர் அளவு ஆழத்தில் கிடக்கிறது. இரண்டாம் படி முடித்தவருக்கு அது எட்டும். சுழியோடத் தெரியாத எம்மைப் போன்றவர்களுக்கு முகத்துவாரத்து வெளிச்சவீடு இருக்கிறது. அங்கே நின்று கிழக்கே பார்த்தால் அந்தக் கப்பல் கிடக்கும் கடல் தெரியும். அதற்குக் காசும் இல்லை, ஆபத்தும் இல்லை.

இவற்றையெல்லாம் அந்தத் தாய்க்கும் மகனுக்கும் விளக்கிச் சொன்னோம். அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். கடைசியில் படகுக்காரரிடம் தானே போய், "நான் மேலே நிற்கிறேன்" என்று சொல்லிவிட்டான். படகுக்காரர் கோபிக்கவில்லை.

குறித்த நாளில் படகு போனது. வெளிநாட்டவர் இருவரும் இறங்கினர். அவன் படகிலிருந்து அவர்களுடைய குமிழிகளைப் பார்த்தபடி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காவல் இருந்தான். இருவரும் சுகமாக மேலே வந்தார்கள். அடுத்த படிப் பயிற்சிக்கு இப்போது சிறுகச் சிறுகச் சேமிக்கிறான்.

"கப்பலப் பார்த்தியா மனே?" என்று தாய் கேட்டாராம்.

"இல்லம்மா. அது அங்கதானே கிடக்கு," என்றானாம்.