ஒரே படகுல ரெண்டு பேர்: போர்ட் ஒயினுக்குள்ள பிராந்தி வந்த கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோட் ஒரு பாட்டில்ல இருந்து ஆரம்பிக்குது. கோவா போயிட்டு வந்த ஃப்ரெண்ட் ஒருத்தன் 'போர்ட் ஒயின்'னு லேபிள் ஒட்டின பாட்டில் ஒண்ணு கொண்டு வந்தான். ஒரு வாய் குடிச்சதும் நான் கேட்ட முதல் கேள்வி: "டேய், இதுல எத்தனை கிலோ சர்க்கரைடா போட்டாங்க?"

அவனுக்கும் தெரியல. எனக்கும் தெரியல. அன்னைக்கு ராத்திரி சும்மா தேட ஆரம்பிச்சேன். ரெண்டு வாரம் அதிலேயே மூழ்கிட்டேன். ஏன்னா ஒரிஜினல் போர்ட்ல இனிப்பு எங்க இருந்து வருதுங்கிறதுக்குப் பின்னாடி ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கு. அந்தச் சண்டையைத்தான் இன்னைக்கு ஒரு பழைய ஒயின் குடும்பத்தோட கதை வழியா பார்க்கப் போறோம். குடும்பத்தோட பேர் ஃபெரெய்ரா. ஊர், போர்ச்சுகல்.

முதல்ல, இந்த இனிப்பு எங்க இருந்து வருது?

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, போர்ட்னு பேர் வைக்கணும்னா அது வடக்கு போர்ச்சுகல்ல இருக்கிற டோரு நதிப் பள்ளத்தாக்குல விளைஞ்ச திராட்சையா இருக்கணும். அது சாதாரண நிலம் கிடையாது. ஷிஸ்ட்னு சொல்ற, தகடு தகடா உடையிற பாறை. மலைச் சரிவுல அந்தப் பாறையை உடைச்சு, உடைச்ச கல்லையே சிமெண்ட் இல்லாம அடுக்கி, படிப்படியா சுவர் எழுப்பி, அதுல கொடி நட்டிருக்காங்க. கோடையில வெயில் 40 டிகிரியைத் தொடும். குளிர்காலம் நடுங்க வைக்கும். இந்த நிலப்பரப்பை 2001ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க.

செப்டம்பர் வாக்குல அறுவடை. பழத்தை லகார்னு சொல்ற அகலமான கருங்கல் தொட்டியில கொட்டுவாங்க. முழங்காலுக்கு மேல சாறும் தோலும் நிக்கும். ஆளுங்க உள்ள இறங்கி, தோள்ல கை போட்டு வரிசையா நின்னு, படை நடக்கிற மாதிரி ஒரே தாளத்துல மிதிப்பாங்க. முதல் ரெண்டு மணி நேரம் ரொம்ப கண்டிப்பு. அது முடிஞ்சா 'விடுதலை'! அக்கார்டியன் வாசிப்பாங்க, அவங்கவங்க இஷ்டத்துக்கு ஆடிக்கிட்டே மிதிக்கலாம்.

ஏன் கால்? தோல்ல இருந்து நிறம் இறங்கணும், ஆனா விதை உடையக் கூடாது. உடைஞ்சா கசப்பு ஏறிடும். மனுஷப் பாதத்துக்கு அந்தப் பக்குவம் இருக்கு. இப்போ நிறைய இடத்துல இதே வேலையைச் செய்ற மெஷின் வந்தாச்சு. ஆனாலும் சில ஒயின்களுக்கு இன்னும் கால்தான்.

இதுல அவசரமும் இருக்கு. சாதாரண சிவப்பு ஒயின் தோலோட ஒரு வாரம், ரெண்டு வாரம் கூட ஊறலாம். போர்ட்டுக்குக் கிடைக்கிறது ரெண்டு மூணு நாள்தான். ஏன்னா அதுக்கப்புறம் நொதிக்கிறதையே நிறுத்திடுவாங்க.

இதைப் புரிஞ்சுக்க நம்ம பனை மரத்தை நினைச்சுக்கோங்க. பதநீர் இறக்குறவங்க கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுவாங்க. தடவினா பதநீர், தடவாட்டி கள். மரமும் பாளையும் ஒண்ணுதான், நொதிக்க விட்டோமா இல்லையாங்கிறதுதான் வித்தியாசம். பதநீர்ல சுண்ணாம்பு ஆரம்பத்துலேயே தடுத்துடுது. போர்ட்ல பாதி வழியில தடுக்கிறாங்க. சாறுல இருக்கிற சர்க்கரையில ஏறக்குறைய பாதி ஆல்கஹாலா மாறின நேரத்துல, நிறமே இல்லாத திராட்சைச் சாராயத்தை ஊத்துவாங்க. அதுல ஆல்கஹால் 77 சதவீதம். நாலு பங்கு ஒயினுக்கு சுமார் ஒரு பங்கு. ஈஸ்ட் செத்துடும். மீதி சர்க்கரை அப்படியே நின்னுடும்.

ஆக, என் கேள்விக்குப் பதில்: ஒரிஜினல் போர்ட்ல இருக்கிறது வெளிய இருந்து போட்ட சர்க்கரை இல்ல, பழத்தோட சொந்த சர்க்கரை. அதோட விலை என்னன்னா, சாதாரண ஒயின்ல 12, 13 சதவீதம் இருக்கிற ஆல்கஹால் இதுல 19ல இருந்து 22 வரைக்கும் போகுது. இனிப்பா இருக்கேன்னு மடமடன்னு குடிக்கிறவங்க இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இது பழைய பழக்கமா?

இங்கதான் கதை சூடாகுது. 'பாரம்பரியம்'னு சொன்னா ஆதி காலத்துல இருந்து இப்படித்தான்னு நாம நினைச்சுக்கிறோம். அப்படி இல்ல.

17ஆம் நூற்றாண்டுக் கடைசியில இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் பகை. பிரெஞ்சு ஒயின் கிடைக்கல. ஆங்கிலேய வியாபாரிங்க போர்ச்சுகல் பக்கம் திரும்பினாங்க. 1703ல மெத்துயன் ஒப்பந்தம் போட்டாங்க. அதன்படி போர்ச்சுகல் ஒயினுக்கு பிரெஞ்சு ஒயினைவிட மூணுல ஒரு பங்கு வரி கம்மி. ஒயின் கடல் பயணத்துல கெட்டுப் போகாம இருக்கட்டும்னு கொஞ்சம் பிராந்தி சேர்த்தாங்க. அவ்வளவுதான். அப்போ அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு, ருசிக்காக இல்ல.

வியாபாரம் ஏறினதும் கலப்படமும் ஏறிச்சு. நிறத்துக்காக எல்டர்பெர்ரி பழச்சாறைக் கலந்தாங்க. பேர் கெட்டுச்சு, விலை விழுந்துச்சு. 1756ல பொம்பால்ங்கிற சர்வ வல்லமை படைச்ச அமைச்சர் உள்ள இறங்கி, ஒரு கம்பெனியை உருவாக்கி, எந்த நிலத்து ஒயின் ஏற்றுமதி ஆகலாம்னு கருங்கல் நட்டு எல்லை போட்டார். உலகத்துலேயே ஒயினுக்குன்னு இப்படி எல்லை போட்ட மிகப் பழைய பகுதிகள்ல டோருவும் ஒண்ணு. எல்டர்பெர்ரி மரத்தை எல்லாம் பிடுங்கச் சொல்லி உத்தரவு போட்டார். கம்பெனியை எதிர்த்து 1757ல போர்ட்டோ நகரத்துல கலவரம் வெடிச்சது. பலரைத் தூக்குல போட்டாங்க.

ஃபெரெய்ரா குடும்பம் தொழில் தொடங்கினது இந்தக் காலத்துலதான், 1751ல. இன்னைக்கும் போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில விலா நோவா டி காயாவுல நின்னு பார்த்தா டெய்லர், கிரஹாம், சாண்டிமேன், காக்பர்ன்னு வரிசையா ஆங்கிலேய, ஸ்காட்லாந்து பேர்தான். நடுவுல ஃபெரெய்ரா, போர்ச்சுகல்காரங்களோட வீடு.

அப்புறம் 1820 வந்துச்சு. அந்த வருஷம் பழம் அபூர்வமா விளைஞ்சு, ஒயின் இயல்பாவே இனிப்பாவும் கெட்டியாவும் அமைஞ்சது. இங்கிலாந்துல ருசி பார்த்தவங்க வருஷா வருஷம் அதே வேணும்னு கேட்டா என்ன பண்றது? மழையும் வெயிலும் அப்படி அமையாதே. அதனால பிராந்தியைச் சீக்கிரமே ஊத்தி இனிப்பை நிறுத்துற பழக்கம் பரவிச்சு.

1844: ஒரு துண்டுப் பிரசுரம், ஒரு விதவை

இதை எதிர்த்தவர் ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர். இங்கிலாந்துல பிறந்து, 1831ல போர்ட்டோ வந்து, மாமாவோட ஆஃப்லி ஃபாரஸ்டர் கம்பெனியில சேர்ந்தார். நதி முழுக்கச் சுத்தி, டோருவுக்கு நுணுக்கமான வரைபடம் போட்டவர். அதுக்காகவும் சேர்த்துத்தான் பின்னாடி போர்ச்சுகல் அரசர் அவருக்குப் பிரபு பட்டம் கொடுத்தார்.

1844ல அவர் பேர் போடாம ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். சாராம்சம் இதுதான்: டோரு ஒயின் தன்னாலேயே அருமையானது. முழுசா நொதிக்க விடுங்க. இவ்வளவு பிராந்தி ஊத்துறது கலப்படத்துக்குச் சமம். எழுதினது யாருன்னு சீக்கிரமே தெரிஞ்சுபோச்சு. மத்த வியாபாரிங்க கொதிச்சாங்க.

அதே 1844ல டோரு மேல்பகுதியில இன்னொரு திருப்பம். ஃபெரெய்ரா குடும்பத்து அந்தோனியா அடிலெய்டுக்கு 33 வயசுல கணவர் இறந்துட்டார். மொத்தத் தொழிலும் அவங்க தலையில விழுந்துச்சு. ஊர் அவங்களை 'டோனா அந்தோனியா'ன்னு கூப்பிட்டுச்சு. டோனாங்கிறது நாம பேரோட 'அம்மா' சேர்க்கிற மாதிரி. செல்லமா 'ஃபெரெய்ரீன்யா', அதாவது சின்ன ஃபெரெய்ரா.

அவங்க துணிச்சலுக்கு ஒரு சம்பவம் போதும். நாட்டுலேயே செல்வாக்கான சல்டான்யா பிரபு, தன் மகனுக்கு அந்தோனியாவோட பொண்ணைக் கேட்டார். பொண்ணுக்கு அப்போ பதினொண்ணு, பன்னெண்டு வயசு. அம்மா முடியாதுன்னுட்டாங்க. ஆளை அனுப்பிக் கடத்தப் பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சதும், மகளைக் கூட்டிக்கிட்டு எல்லை தாண்டி, லண்டன் வரைக்கும் போய்த் தங்கினாங்க. ஆனா பொண்ணை விட்டுக் கொடுக்கல.

படகு

1861 மே 12. அந்தோனியாவோட வெசூவியோ தோட்டத்துல விருந்து. ஃபாரஸ்டர் விருந்தாளி. எல்லாரும் ஒரே படகுல நதியோட போக்குல கீழ இறங்கினாங்க. வழியில கஷாவ் டா வலெய்ரா. ரெண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவுல சுழலும் பாய்ச்சலும். படகு கவிழ்ந்துச்சு.

அந்தோனியா தப்பிச்சாங்க. அந்தக் கால அகலப் பாவாடை காத்தை அடக்கி மிதக்க வெச்சதுன்னு கதை சொல்றாங்க. ஃபாரஸ்டர் மூழ்கிட்டார். இடுப்புல கட்டியிருந்த தங்கக் காசு இழுத்துடுச்சுன்னு இன்னொரு கதை. அவர் உடல் கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்ல. இன்னைக்கு அங்க அணை கட்டியாச்சு, தண்ணி குளம் மாதிரி அமைதியா நிக்குது.

ஃபாரஸ்டரோட வாதமும் அவரோடவே மூழ்கின மாதிரிதான். உலகத்துக்கு இனிப்புப் போர்ட்தான் பிடிச்சிருந்தது. கலப்படம்னு அவர் எழுதின அந்த பிராந்தி, இன்னைக்கு சட்டப்படி கட்டாயம். அது இல்லாட்டி போர்ட்டே கிடையாது!

பூச்சியும் ஏலமும்

கொஞ்ச வருஷத்துலேயே ஃபிலாக்செரா வந்துச்சு. அமெரிக்காவுல இருந்து வந்த, அசுவினி மாதிரி ஒரு பொடிப் பூச்சி. வேரைக் கடிச்சே கொடியைக் கொல்லும். மலை மலையா தோட்டம் செத்துச்சு. அப்போ கைவிட்ட படிகள் இன்னும் புதர் மண்டிக் கிடக்கு. அதுக்கு மோர்டோரியோன்னு பேர், சாவு அப்படிங்கிற சொல்லை ஒட்டி வெச்ச பேர். கடைசியில பூச்சியைத் தாங்குற அமெரிக்கக் கொடியோட வேர்ல உள்ளூர்க் கொடியை ஒட்டுக் கட்டித்தான் மீண்டாங்க.

மத்தவங்க நிலத்தை விட்டு ஓடின காலத்துல அந்தோனியா நிலம் வாங்கினாங்க. விலை விழுந்தப்போ விவசாயிங்ககிட்ட ஒயினை வாங்கி வெச்சாங்க. நல்ல மனசுதான், ஆனா நல்ல வியாபாரமும் கூட. பின்னாடி தட்டுப்பாடு வந்தப்போ அந்தக் கையிருப்புதான் சொத்தைப் பெருக்குச்சு. சுவர் கட்ட, கொடி நட ஆளுங்களுக்கு வேலை கொடுத்தாங்க. 1877ல நதிக்கு ரொம்ப மேல, யாரும் சீண்டாத சுமார் 300 ஹெக்டேர் தரிசை ஏலத்துல எடுத்தாங்க. பேர் வாலே மெயாவ். அது தோட்டமா முழுசா எழும்பி நின்ன கொஞ்ச நாள்லேயே, 1896ல இறந்துட்டாங்க.

பீப்பாய்க்குள்ள என்ன நடக்குது?

முன்னாடி எல்லாம் புது ஒயின் ரபேலோங்கிற தட்டைப் படகுல நதி வழியா காயாவுக்கு வரும். கடல் பக்கம்ங்கிறதால காயாவுல குளிர்ச்சி, ஈரப்பதம் ரெண்டும் உண்டு, நிதானமா முதிரும். 'ரூபி' பெரிய தொட்டியில கொஞ்ச நாள் இருக்கிறது, சிவப்பும் பழ வாசனையும் அப்படியே நிக்கும். 'விண்டேஜ்' நல்ல வருஷத்துக்கு மட்டும். ரெண்டு வருஷத்துல பாட்டிலுக்குப் போய், அதுக்குள்ளேயே பல பத்து வருஷம் முதிரும். 'டாவ்னி' சின்னப் பீப்பாய்ல காத்து பட்டுப் பட்டு சிவப்பு மங்கி, தேன் நிறத்துக்கு வரும். முந்திரி, பாதாம், காஞ்ச அத்தி மாதிரி வாசனை. ஃபெரெய்ராவோட 'டியூக் டி பிராகான்சா' 20 வருஷ டாவ்னி. 20னா எல்லாமே சரியா 20 வயசுன்னு அர்த்தம் இல்ல. இளசும் கிழடும் கலந்து அந்த ருசிக்குக் கொண்டு வர்றது. அதைச் செய்றவர்தான் அந்த வீட்டோட தலைமை ருசிகர்.

பாதி ஜெயிச்சவர்

அந்த வேலையில இருந்தவர்தான் ஃபெர்னாண்டோ நிக்கோலாவ் டி அல்மெய்டா. அவர் பிரான்ஸ்ல போர்டோ பகுதிக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து, டோரு திராட்சையில பிராந்தி சேர்க்காம ஒரு சிவப்பு ஒயின் பண்ண முடியுமான்னு யோசிச்சார். வெயில்ல நொதிக்கிறப்போ சூடு எகிறும். கரண்ட் இல்லாத இடம். அதனால கடற்கரைப் பக்கத்துல இருந்து லாரியில ஐஸ் கட்டி வரவழைச்சுக் குளிர வெச்சார். 1952ல முதல் ஒயின் வந்துச்சு. பேர் பார்க்கா வெல்யா. இன்னைக்கு போர்ச்சுகலோட பெரிய ஒயின்கள்ல ஒண்ணு.

திராட்சை வந்தது எங்க இருந்து? வாலே மெயாவ்ல இருந்து. ஃபாரஸ்டர் கேட்ட பிராந்தி இல்லாத டோரு ஒயினை, அவரோட அதே படகுல போய்ப் பிழைச்சு வந்த அம்மா கடைசியா உருவாக்கின தோட்டத்துல, அவங்க கம்பெனியே செஞ்சது. 91 வருஷம் கழிச்சு. பார்க்கா வெல்யான்னா என்ன அர்த்தம் தெரியுமா? பழைய படகு.

1987ல ஃபெரெய்ராவை சோக்ரேப்ங்கிற போர்ச்சுகல் கம்பெனி வாங்குச்சு. அப்புறம் ஃபாரஸ்டரோட ஆஃப்லியையும் அதே கம்பெனிதான் வாங்குச்சு.

எனக்கு இதுல பிடிச்சது, யார் சரின்னு முடிவாகாததுதான். 20 வருஷ டாவ்னி குடிச்சவங்க பிராந்தி தப்புன்னு சொல்ல மாட்டாங்க. பார்க்கா வெல்யாவைப் பார்த்தா ஃபாரஸ்டர் சொன்னதும் தப்பில்ல. அடுத்த தடவை யாராவது "இதுதான் காலங்காலமா நம்ம வழக்கம்"னு சொன்னா, அந்த வழக்கத்தை ஆரம்பத்துல எதிர்த்தவர் யாருன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க.

கோவா பாட்டில் இன்னும் பாதி இருக்கு. ஃப்ரெண்டுக்கு இந்த எபிசோடை அனுப்பிட்டேன். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.